ஸ்கூட்டரின் பிக்கப்பைக் கூட்ட வேரியேட்டர் ரோலரைப் பொருத்திப் பார்க்கும் முறை

மொரீஷியஸில் போர்ட் லூயியிலிருந்து மேட்டிலுள்ள கியூர்பிப்புக்கு ஏறும்போது ஸ்கூட்டர் திணறினால் பலரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். இடப்பக்க மூடியைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். முன்னே வேரியேட்டர் என்னும் விரிந்து சுருங்கும் புல்லி, பின்னே கிளட்சோடு சேர்ந்த புல்லி, நடுவில் பெல்ட்: கியர் இல்லாத வண்டியில் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இவைதான். எஞ்சின் சுற்று கூடக் கூட, வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, தட்டை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. ரோலர் இலேசாக இருந்தால் எஞ்சின் அதிகச் சுற்றுக்குப் போன பிறகே பெல்ட் ஏறும். கனமாக இருந்தால் சீக்கிரமே ஏறிவிடும், ஏற்றத்தில் எஞ்சின் அமுங்கிப்போகும். முழு ஆக்ஸிலரேட்டரில், எஞ்சின் உச்ச பலம் தரும் சுற்றிலேயே அதைப் பிடித்து வைக்கும் எடையைத்தான் தேடுகிறோம். சீன 50 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினான 139 கியூஎம்பியில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 7500 முதல் 8000 சுற்று.

புது ரோலர் வாங்கும் முன் இருப்பதைச் சரிபாருங்கள். தேய்ந்த வண்டியை ட்யூன் செய்ய முடியாது. பெல்ட்டில் எழுதியிருக்கும் எண்ணில் எல்லாம் இருக்கிறது: 669-18-30 என்றால் நீளம் 669 மில்லிமீட்டர், அகலம் 18, பக்கச் சரிவு 30 டிகிரி. காலிப்பரால் அகலத்தை அளந்து, 1 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். குறுகிய பெல்ட் முன் புல்லியில் ஆழமாக உட்காரும். அதனால் உச்ச வேகம் குறையும். புதுப் பெல்ட் போட்டதுமே வேகம் திரும்பிவிட்டதாகச் சொல்வார்களே, காரணம் இதுதான். ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது உருளாமல் சிக்கும், வண்டி குதித்துக் குதித்து இழுக்கும். கிராண்ட் பே போன்ற கடலோரத்தில் ஓடும் வண்டியில் புல்லியின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த குழிகள் பெல்ட்டை அரைத்துத் தின்றுவிடும். உள்ளே எண்ணெய்ப் பசை தெரிந்தால் முதலில் கசியும் ஆயில் சீலை மாற்றுங்கள்.

ரோலரின் அளவு எஞ்சினைப் பொறுத்தது. 139 கியூஎம்பிக்கு 16x13, ஜிஒய்6 வகை 125, 150 சிசிக்கு 18x14 மில்லிமீட்டர், இரண்டிலும் 6 ரோலர்கள். கடையில் பிரெஞ்சில் ரோலரைக் ‘கலே’ என்றும் பெல்ட்டைக் ‘கூர்வா’ என்றும் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பழைய ரோலர் ஒன்றைச் சமையலறைத் தராசில் அல்ல, 0.1 கிராம் காட்டும் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதிலிருந்து 50 சிசிக்கு ரோலர் ஒன்றுக்கு 0.5 கிராம், 125க்கு 1 கிராம் குறைத்துத் தொடங்கலாம். இடைப்பட்ட எடை வேண்டுமானால் 6 கிராம் மூன்றும் 7 கிராம் மூன்றும் ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள், சராசரி 6.5 கிராம் ஆகும். ஒரே எடை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வேரியேட்டர் அதிரும்.

கழற்றும்போது ரோலர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே திருப்பி வைக்க உதவும். முன் நட்டை இம்பாக்ட் ரெஞ்சாலோ அதற்கான பிடிப்பானாலோ திறக்கவும். விசிறியின் இறகுகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் இறகு உடையும். கையேடு வேறு சொன்னாலொழிய ரோலருக்குக் கிரீஸ் தடவ வேண்டாம், அது கசிந்து பெல்ட்டில் ஏறும். வேரியேட்டரைத் திரும்பப் பொருத்தும்போது ரோலர்களை மூடும் பின் தகட்டை விரலால் இறுக்கிப் பிடித்தபடியே தண்டில் நுழையுங்கள். விட்டால் ரோலர் உள்ளே இடம் மாறிவிடும், வெளியே தெரியாது.

அதிக வண்டிகள் கெடுவது இதற்கு அடுத்த நொடியில்தான். பின் புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக இறக்கி, முன்பக்கம் தளர்வாக்குங்கள். அப்படிச் செய்யாமல் நட்டை இறுக்கினால், வெளித்தட்டு, தண்டின் மேல் இருக்கும் நடு உருளையோடு சேராமல் பெல்ட்டின் மேல் உட்காரும். நட் இறுகியது போலவே கைக்குத் தோன்றும். ஓட்டியதும் தளர்ந்து, தண்டின் பற்களையே மழித்துவிடும். வெளித்தட்டு பெல்ட்டைத் தொடாமல் தனியாக உருளையில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

சோதனைக்கு ஒரே சாலை, ஒரே ஆள், சூடேறிய எஞ்சின். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். சுற்றின் எண்ணிக்கையைக் காட்ட, ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிவைக்கும் சிறிய டாகோமீட்டர் போதும். ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் பிடிக்கும்போது சுற்று இலக்குக்குக் கீழே இருந்தால் எடையைக் குறையுங்கள். மேலே ஓடினால் கூட்டுங்கள். முன் தட்டில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சமதளத்தில் முழு வேகம் ஓட்டித் திரும்பிப் பாருங்கள். விளிம்பு வரை கோடு அழிந்திருந்தால் பெல்ட் முழுதாக ஏறியிருக்கிறது. பாதியில் நின்றிருந்தால் ரோலர் அளவுக்கு மீறி இலேசு. சத்தம் கூடும், உச்ச வேகம் குறையும். கோடு முழுதாக அழிந்தும் வேகம் போதவில்லை என்றால், ரோலர் எடையால் இனி எதுவும் கிடைக்காது. அதற்கு மேல் எஞ்சினின் பலமும் பின்சக்கரப் பல்சக்கர விகிதமும்தான்.

கியூர்பிப் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சுமார் 5 சதவீதம் அடர்த்தி குறைவு, எஞ்சினுக்கு அந்த அளவு பலமும் குறையும். மேட்டில் குடியிருப்பவருக்கு ஒரு படி இலேசான ரோலரும், மாஹேபூர்ச் சமதளத்தில் ஓட்டுபவருக்கு ஒரு படி கனமும் பொருந்தும். இரண்டு பேர் ஏறும் வண்டிக்கும் இலேசானதே.

ஸ்பிரிங்குகளைக் கடைசியில் தொடுங்கள். கிளட்ச் ஸ்பிரிங் கடினமானால் வண்டி அதிகச் சுற்றில் பிடிக்கும். புறப்பாடு துள்ளலாக இருக்கும், ஆனால் நகர நெரிசலில் கிளட்ச் லைனிங் கருகும், கிளட்ச் டிரம் நீலம் பாயும். பின்புல்லியின் பெரிய ஸ்பிரிங்கை, பெல்ட் வழுக்கினாலோ ஏற்றத்தில் விகிதம் மெதுவாக இறங்கினாலோ மட்டும் மாற்றலாம். தேவையில்லாமல் கடினமாக்கினால் பெல்ட் சூடேறி, பலமும் வீணாகும். அதற்காகக் கிளட்சின் பெரிய நட்டைக் கழற்றும்போது உடலின் எடையால் கிளட்சை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் நட்டையும் சேர்த்து முகத்தில் அடிக்கும்.

சில 50 சிசி வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேரியேட்டரில் ஒரு வளையம் இருக்கும். அதை எடுத்தால் வண்டி பதிவில் உள்ள வகையை மீறும், விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிடலாம். அதைத் தொடாதீர்கள்.

முதல் 300 கிலோமீட்டருக்குப் பிறகு மூடியை மறுபடி திறந்து, கருப்புத் தூள் குவிந்திருக்கிறதா, பெல்ட்டின் ஓரம் பளபளக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பு வழுக்கலின் அடையாளம்.