ஃபோல்டரை அழித்தால் புரோகிராம் போகாது

போன கிழமை எங்கள் கடையில், உயர்தரம் எழுதிவிட்டு வேலை பழக வந்திருக்கும் பொடியன் ஒரு லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, இந்த வைரஸ் கார்ட் அழியுதில்ல. என்ட பென்டிரைவ்ல உபுண்டு இருக்கு. அதுக்குள்ளால போய் ஃபோல்டரையே தூக்கிரட்டா?"

வேண்டாம் தம்பி என்று சொல்லி லெப்டொப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வைரஸ் கார்ட் என்பது வைரஸில் இருந்து மெஷினைக் காக்கும் மென்பொருள். உபுண்டு என்பது விண்டோஸைத் திறக்காமலே பென்டிரைவில் இருந்து ஓடும் வேறொரு இயங்குதளம். தொழில் பழகின காலத்தில் நானும் இதே யோசனையோடு நின்றவன். என்னைத் தடுக்க ஆள் இருக்கவில்லை. கடைக்கு வருகிற பொடியன்கள் ஒவ்வொருவராக அதே இடத்தில் விழப் போகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டெஸ்க்டொப்பில் இருக்கும் ஐகொனை அழித்துவிட்டுப் புரோகிராம் போய்விட்டது என்று நினைப்பது போன்ற சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை இரண்டு நாளில் தானாகத் தெளிந்துவிடும்.

அன்இன்ஸ்டோல் ஆகாததை ஃபோல்டரோடு அழிப்பது

ஒரு மென்பொருளைப் போடும்போது அது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரோடு நிற்பதில்லை. ரெஜிஸ்ட்ரி என்கிற விண்டோஸின் பதிவேட்டில் தன் விபரங்களை எழுதுகிறது. விண்டோஸ் எழும்பும்போதே கூட எழும்பும் சேர்விஸ்களைப் பதிகிறது. சில மென்பொருள்கள் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர் என்கிற, விண்டோஸின் அடியில் ஓடும் சின்னப் புரோகிராமும் போடும். எதை எங்கே போட்டோம் என்ற கணக்கு அதன் அன்இன்ஸ்டோலரிடம் இருக்கிறது. அந்த அன்இன்ஸ்டோலர் பெரும்பாலும் இருப்பது நீங்கள் அழிக்கப் போகிற அதே ஃபோல்டரில்தான். அதை அழித்தபிறகு, மற்ற இடங்களில் கிடப்பவற்றை எடுக்க வழி தெரிந்தது எதுவும் மெஷினில் இல்லை. போட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலில் பெயர் அப்படியே நிற்கும். அமத்தினால் பிழைச் செய்திதான் வரும்.

வைரஸ் கார்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். மெஷினுக்குள் புகும் பல வைரஸ்கள் முதலில் செய்யப் பார்ப்பது காவலை அழிப்பதைத்தான். அதனால் இந்த மென்பொருள்களை, தங்கள் ஃபைலில் எவரும் கைவைக்க முடியாதபடிதான் எழுதுகிறார்கள். "அக்சஸ் டினைட்" என்று வந்தால் அது பழுது இல்லை, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நீங்கள் ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் அதன் ஃபில்டர் டிரைவர் இடையில் நின்று பார்க்கிறது. இணையத்தில் வருவதையும் போவதையும் பார்ப்பதற்கும் ஒன்று நிற்கும். ஃபோல்டர் போனாலும் இந்த டிரைவர்கள் போவதில்லை. அடுத்தமுறை விண்டோஸ் எழும்பும்போது அவையும் எழும்பித் தங்கள் சேர்விஸைத் தேடும். சில மெஷினில் நீலத் திரை வரும். சில மெஷினில் இணையம் செத்துவிடும்.

விண்டோஸ் 7 காலத்தில் எனக்கு நடந்தது இரண்டாவது. மட்டக்களப்பு நாவலடியில் இருந்து சுனாமிக்குப் பிறகு திராய்மடுவுக்குக் குடிபோன ஒரு அக்கா டெஸ்க்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். வைரஸ் கார்டின் ஒரு வருடக் காசு முடிந்து, நிமிடத்துக்கு நிமிடம் சிவப்புப் பெட்டி வந்துகொண்டிருந்தது. "தம்பி, இதை மட்டும் எடுத்து விடுங்க, மகள் படிக்க ஏலாமக் கிடக்கு" என்றார். அன்இன்ஸ்டோல் பாதியில் நின்றது. நான் உபுண்டுவில் ஏற்றி ஃபோல்டரை அழித்தேன். ரீஸ்டார்ட் பண்ணினால் சிவப்புப் பெட்டி இல்லை. சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் கேபிள் கொழுவியிருக்கிறது, இணைப்பு இருக்கிறது என்று காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை.

அந்தக் காலத்து வைரஸ் கார்ட்கள் சில, வின்சொக் என்கிற விண்டோஸின் இணைய அடுக்குக்குள் தங்கள் ஃபைல் ஒன்றையும் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்த்துவிடும். நான் அழித்த ஃபோல்டரில் அந்தக் கண்ணியும் போயிருந்தது. கமாண்ட் புரொம்டை அட்மினாகத் திறந்து "நெட்ஷ் வின்சொக் ரீசெட்" (netsh winsock reset) என்று ஒரு வரி அடித்து ரீஸ்டார்ட் பண்ணியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அது தெரியாது. பின்னேரம் வரை கேபிளை மாற்றினேன், நெட்வேர்க் கார்டை மாற்றினேன், கடைசியில் ஃபோமட் பண்ணினேன். டி டிரைவையும் மை டொக்யுமென்ட்ஸையும் கொப்பி எடுத்தேன். டெஸ்க்டொப்பில் இருந்த ஒரு ஃபோல்டரைக் கவனிக்கவில்லை.

அந்த ஃபோல்டரில் இருந்தவை அக்காவின் பழைய வீட்டுப் படங்கள். 2004இல் தண்ணீர் வடிந்தபிறகு சேற்றில் கிடந்த அல்பத்தில் இருந்து ஒவ்வொன்றாக உரித்து, காயவைத்து, சொந்தக்காரர் ஒருவரிடம் ஸ்கேன் பண்ணி வைத்தவை. மூலப்படங்கள் அதற்குள் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. மீட்கும் மென்பொருளை இரண்டு இரவு ஓடவிட்டேன். 11 படம் முழுதாக வந்தது. மற்றவை மேல்பாதி முகமும் கீழ்பாதி சாம்பல் நிறமுமாக வந்தன. அக்கா என்னை ஏசவில்லை. அந்த 11ஐயும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். இன்றைக்கும் யாராவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் ரைட் கிளிக் பண்ணினால் எனக்குக் கோபம் வருகிறது என்றால், காரணம் இதுதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் வைரஸ் கார்டைத் திறந்து, தன்னைத் தானே பாதுகாக்கும் அமைப்பை நிறுத்துங்கள். அப்புறம் செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டோல். பாதியில் நின்றால், அதே பதிப்பைத் திரும்ப மேலே போட்டுவிட்டு மறுபடி அகற்றிப் பாருங்கள். "அழிக்கிறத ஏன் அண்ணா திரும்பப் போடுவான்?" என்று பொடியனும் கேட்டான். உடைந்துபோன அன்இன்ஸ்டோலர் அப்போதுதான் திரும்ப முழுதாகிறது. அதுவும் சரிவராவிட்டால், அந்த வைரஸ் கார்டைச் செய்தவர்களே அகற்றுவதற்கென்று தனிக் கருவி தருகிறார்கள். கஸ்பர்ஸ்கை, அவாஸ்ட், மெக்காஃபி, இசெட் எல்லாருக்கும் இருக்கிறது, இலவசம். அவர்களின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தில் எடுத்தால், ஒன்றை எடுக்கப்போய் மூன்றோடு வருவீர்கள்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, விண்டோஸோடு வரும் காவலான டிஃபெண்டர் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு வைரஸ் கார்ட் இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். பழைய பெயர் அங்கே இன்னும் தொங்கினால், மெஷின் காவலே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டோலர் ஃபோல்டர்

சி டிரைவ் நிரம்பியவர்கள் கண்ணில் இது படும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும், பெயர்கள் எண்ணும் எழுத்துமாக அர்த்தமில்லாமல் இருக்கும், பல ஜிபி பிடிக்கும். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லெப்டொப்பில் அதைக் குப்பை என்று நினைக்கத்தான் தோன்றும். அழித்த அன்றைக்கு ஒன்றும் நடக்காது, அதுதான் மோசம். மாதங்கள் கழித்து பழைய ஒஃபிஸை அப்டேட் பண்ணும்போதோ அகற்றும்போதோ, முதலில் போட்ட எம்எஸ்ஐ என்கிற இன்ஸ்டோல் ஃபைலைத் தா என்று கேட்டு நிற்கும். அந்தச் சீடி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இப்படிச் சிக்கிக்கொண்டால் மைக்ரோசொஃப்டின் இன்ஸ்டோல், அன்இன்ஸ்டோல் டிரபிள்ஷூட்டரை ஓடவிடுங்கள். பழைய இன்ஸ்டோலர் கிளீன்அப் கருவியை இன்னும் பென்டிரைவில் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். மற்ற மென்பொருள்களையும் பழுதாக்குகிறது என்று மைக்ரோசொஃப்டே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் சேஃப் மோட்

சேஃப் மோட் என்றால் விண்டோஸ் அவசியமானவற்றை மட்டும் கொண்டு எழும்புவது. எம்எஸ்ஐயாகப் போட்ட மென்பொருள் சேஃப் மோடில் அகலாது, ஏனென்றால் விண்டோஸ் இன்ஸ்டோலர் சேர்விஸ் அங்கே ஓடுவதில்லை. சேஃப் மோட் தேவைப்படுவது மேலே சொன்ன அகற்றும் கருவிகளில் சிலவற்றுக்கு. ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய் 4ஐ அமத்துங்கள். புது லெப்டொப் என்றால் போவதற்கு முதல் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்கச் சாவியைக் கேட்டால் வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பாமினி

இது நம்ம ஊருக்கானது. "பாவிக்காத" மென்பொருள்களைத் துடைக்கும்போது தமிழ் எழுத்துருக்களையும் டைப் பண்ணும் மென்பொருளையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறார்கள். ஒரு டீச்சர் பத்து வருட வினாத்தாள்களைத் திறந்தபோது முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்ததைப் பார்த்து, கடை வாசலிலேயே அழுதுவிட்டார். பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு யுனிகோட் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் வினாத்தாள் எல்லாம் வந்துவிட்டன. பள்ளிக்கூடம், கோயில், அச்சகம் ஆகியவற்றின் மெஷின் என்றால் எழுத்துருவில் கைவைக்க முதல் கேளுங்கள்.

கரண்ட்

மாரிக்குள் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் அன்இன்ஸ்டோல் தொடங்காதீர்கள்.

ஷட்டவுன் பண்ணிவிட்டு ரீஸ்டார்ட் என்று நினைப்பது

ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களை உடனே அழிக்க முடியாததால், அடுத்தமுறை எழும்பும்போது அழிக்கச் சொல்லி அன்இன்ஸ்டோலர் குறித்து வைக்கும். விண்டோஸ் 10இலும் 11இலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட்டவுன் பண்ணித் திரும்பப் போடுவது முழுதாக எழும்புவது இல்லை. விண்டோஸின் உள்பகுதி உறங்கி விழிக்கிறது, அவ்வளவுதான். அழிக்க வேண்டியது அப்படியே கிடக்கும். மெனுவில் இருக்கும் ரீஸ்டார்ட்டைத்தான் அமத்த வேண்டும்.

பொடியனின் லெப்டொப்பும் கடைசியில் இங்கேதான் நின்றது. அகற்றும் கருவி வேலையை முடித்திருந்தது, ஆனால் அவன் ஷட்டவுன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். வந்து திரும்பப் போட்டால் டிரைவர் இன்னும் ஓடுகிறது. ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எழும்பியதும் பட்டியலில் பெயர் இல்லை, டிஃபெண்டரில் பச்சை அடையாளம் வந்திருந்தது.