டர்போ சார்ஜர் சக்கரங்களுக்கு எடை குறைந்த பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

டர்போ சார்ஜர் என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள கம்ப்ரசர் சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி. அதன் எடையைக் குறைக்க நினைப்பவர், எந்த எடையைக் குறைக்கப் போகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்புக் கூட்டில் ஒரு கிலோவைக் குறைத்தால் காரின் மொத்த எடை அவ்வளவு குறையும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தில் பெரிய மாற்றம் இராது. அந்தத் தாமதத்தைத் தீர்மானிப்பவை சுழலும் பாகங்கள்தாம். அவற்றிலும் தண்டின் ஆரம் சிறியது என்பதால் அதன் பங்கு சொற்பமே. கம்ப்ரசர் சக்கரம் ஏற்கனவே அலுமினியத்தால் ஆனது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். வெளியேறும் வாயுவின் பக்கம் இருக்கும் டர்பைன் சக்கரமோ வழக்கமாக இன்கோனெல் 713சி போன்ற நிக்கல் கலவையால் ஆனது. அதன் அடர்த்தி ஏறத்தாழ 7.9. ஆகவே சுழற்சி நிலைமத்தின், அதாவது சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மையின், பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, நம் கவனமும் அங்கேதான் இருக்க வேண்டும்.

பொருளைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே வடிவமுள்ள சக்கரங்களில் சுழற்சி நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக மாறும். 50 மி.மீ. சக்கரத்தை 45 மி.மீ. ஆக்கினால், பொருளை மாற்றாமலேயே நிலைமம் 59 விழுக்காடாகக் குறைந்துவிடும். நிக்கலிலிருந்து டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த டைட்டானியம் அலுமினைடு என்ற இலேசான பொருளுக்கு மாறினால் அது ஏறத்தாழ 50 விழுக்காடாகும். அதாவது விலை உயர்ந்த பொருள் தரும் பயனில் பெரும்பகுதியை, அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதாலேயே அடைந்துவிடலாம். ஆயினும் சிறிய சக்கரம் உயர் வேகத்தில் வாயுவை அடைத்துக்கொண்டு பின்னழுத்தத்தை ஏற்றும். உச்சத் திறனை இழக்காமல் தாமதத்தை மட்டும் குறைக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் பொருள் மாற்றத்துக்கு உண்மையான தேவை எழுகிறது.

அந்த நிலை வந்தால் முதலில் செய்ய வேண்டியது வெப்பநிலையை அளப்பது. டர்பைனுக்கு முன்னால், எஞ்சினிலிருந்து வாயுவைக் கொண்டுவரும் மேனிஃபோல்டின் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் கே வகைத் தெர்மோகப்பிள் என்ற வெப்பமானியைப் பொருத்தி, முழுச் சுமையில் அளவைப் பதிவு செய்ய வேண்டும். டர்பைனுக்குப் பின்னால் அளந்தால் வாயு விரிந்து குளிர்ந்திருக்கும். அந்த எண்ணை நம்பிப் பொருளைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது. டீசல் கார்களில் இந்த வெப்பம் பொதுவாக 850 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். பெட்ரோல் கார்களில் 950 முதல் 1050 டிகிரி வரை போகும்.

1050 டிகிரியைத் தொடும் எஞ்சின் என்றால் மார்-எம் 247 போன்ற நிக்கல் கலவையைத் தவிர வேறு எதையும் நாடாமல் இருப்பது நல்லது. அது கனமானதுதான், ஆனால் நிற்கும். வெப்பம் அதற்குக் குறைவாக இருந்தால் காமா வகை டைட்டானியம் அலுமினைடைப் பரிசீலிக்கலாம். அதன் அடர்த்தி ஏறத்தாழ 4. அடர்த்தி குறைந்தால் மையவிலக்கு விசையால் சக்கரத்தினுள் எழும் தகைவும் (உள் இழுவிசையும்) அதே விகிதத்தில் குறையும் என்பது கூடுதல் ஆதாயம். சாதாரண வகைகளில் உலோகமே 750 முதல் 800 டிகிரியைக் கடந்தால் ஆக்சிஜனேற்றம் வேகமெடுக்கும். நியோபியம் அதிகம் சேர்த்த வகைகள் இன்னும் சற்றுத் தாங்கும். சக்கரத்தின் வெப்பம் உள்நுழையும் வாயுவின் வெப்பத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், இந்த இரண்டு எண்களையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. 1990களின் இறுதியில் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் சில வகைகளில் இப்பொருளாலான சக்கரங்கள் வந்தன.

மூன்றாவது தெரிவான சிலிக்கான் நைட்ரைடு பீங்கானின் அடர்த்தி 3.2 மட்டுமே. 1985இல் நிசான் தன் ஃபேர்லேடி இசட் காரில் அதைக் கொண்டுவந்தது. பின்னர் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26 எஞ்சினிலும் அதையே பயன்படுத்தியது. நிறுவனம் வைத்த அழுத்தத்தில் அச்சக்கரங்கள் நன்றாகவே ஓடின. உரிமையாளர்கள் பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, உயர்த்தியபோது அவை உடைந்து சிதறுவது பரவலாக அறியப்பட்ட சிக்கலாயிற்று. போட்டிக்கென வந்த அதே காரின் என்1 வகையில் உலோகச் சக்கரம் இருந்ததே போதுமான குறிப்பு. பூஸ்ட்டை மாற்றும் எண்ணம் இருப்பவர் பீங்கானைத் தொடாமல் இருப்பதே என் பரிந்துரை.

சக்கரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இணைப்பில்தான் அது கெடுகிறது. நிக்கல் சக்கரத்தை எஃகுத் தண்டுடன் உராய்வு வெல்டிங் மூலம், அதாவது தேய்த்து எழும் சூட்டிலேயே அழுத்தி, நேரடியாக ஒட்டலாம். டைட்டானியம் அலுமினைடை அவ்வாறு ஒட்டினால், எஃகு குளிரும்போது மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக அமைப்பாக மாறி விரிவடைகிறது. அறை வெப்பத்தில் ஓரிரு விழுக்காடு மட்டுமே நீளக்கூடிய சக்கரப் பக்கம் அந்த இழுப்பைத் தாங்காமல் விரிசல் விடும். ஆகவே நடுவில் நிக்கல் கலவை அல்லது (குளிரும்போது அவ்வாறு மாறாத) ஆஸ்டனைட் எஃகுத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டியிருக்கிறார்களா, அல்லது வெற்றிடத்தில் பிரேசிங் (இடையில் வேறொரு உலோகத்தை உருக்கி ஒட்டுதல்) செய்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

பொருத்தும்போதும் இந்த நொறுங்கும் தன்மையை மறக்கக் கூடாது. சக்கரத்தின் இறக்கை நுனி மேசையில் இலேசாகப் பட்டாலே கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டாகலாம். பொருத்தும் முன், விரிசலுக்குள் சாயத்தை ஊறவிட்டு அதைக் கண்டுபிடிக்கும் ஊடுருவு சாயச் சோதனை செய்வது அவசியம். பேலன்ஸ் செய்யச் சாணை பிடிக்கும்போது மெதுவாக, சூடேறாமல், அதற்கென விடப்பட்ட இடத்தில் மட்டும் உலோகத்தை எடுக்க வேண்டும். மேனிஃபோல்டினுள் பழைய வெல்டிங் துகளோ துரு உதிரியோ இருந்தால் முழுவதும் சுத்தம் செய்த பிறகே டர்போவை மாட்ட வேண்டும்.

கம்ப்ரசர் பக்கம் கணக்கு வேறு. 25 டிகிரி காற்றை 2.5 மடங்கு அழுத்தினால், 70 விழுக்காடு செயல்திறனில் அது ஏறத்தாழ 150 டிகிரியில் வெளிவரும், 3.5 மடங்கு என்றால் 200 டிகிரியைத் தாண்டும். 50 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2,00,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு வினாடிக்கு 520 மீட்டருக்கு மேல் விரைகிறது. இது நாம் சுவாசிக்கும் காற்றில் ஒலி செல்லும் வேகத்தைவிட ஒன்றரை மடங்கு. 2.5 மடங்கு அழுத்தத்துக்கு வார்ப்பு அலுமினியம் போதும். 3.5 மடங்கை நெருங்கினால், 2618 வகை அலுமினியத்தை அடித்து உருவாக்கி எந்திரத்தில் கடைந்த சக்கரம், திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் வரும் உலோகக் களைப்பை நன்றாகத் தாங்கும். டைட்டானியத்தை எடை குறைப்பாக எண்ணி வாங்குவது தவறு; அதன் அடர்த்தி 4.4, அலுமினியத்தைவிட அதிகம். அது வெப்பத்துக்காகவும் ஆயுளுக்காகவும் தேர்ந்தெடுக்கப்படும் பொருள்.

பால் பேரிங் உள்ள டர்போவில் எஃகு உருண்டைகளுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு உருண்டைகளைக் கேட்டு வாங்கலாம். இங்கே பீங்கான் அமுக்கத்தில் மட்டுமே வேலை செய்வதால் மேற்சொன்ன அச்சம் இல்லை. டர்பைன் கூட்டை மட்டும் மெலிதாக்கும் முயற்சி வேண்டாம். சக்கரம் உடைந்தால் துண்டுகளைப் பிடித்து வைப்பது அந்தக் கூடுதான்.

மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே சாலையில், ஒரே கியரில், ஏறத்தாழ ஒரே காற்று வெப்பத்தில், 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, குறித்த பூஸ்ட்டை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்பதை மும்மூன்று முறை பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவுகளின் வேறுபாடு மூன்று ஓட்டங்களுக்கு இடையே இயல்பாகவே வரும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே சக்கரம் பயன் தந்ததாகக் கொள்ளலாம்.