ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்து விற்கிறேன். கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "பத்தே நாளில் கருத்துவிட்டது, இது வெள்ளியே இல்லை" என்று எழுதினால் கை துடிக்கும். அன்று இரவே பதில் போடாதீர்கள். முதலில் பில் புத்தகத்தில் தேதி, எடை, தரம் பாருங்கள். அப்புறம் இப்படி எழுதலாம்: "அக்கா, கொலுசு கருத்ததில் எங்களுக்கும் வருத்தம். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் 92.5 சதவீத வெள்ளியும் கருக்கும். கொண்டுவாருங்கள், மெருகேற்றித் தருகிறோம். தரத்தையும் உங்கள் கண்ணெதிரே சோதித்துக் காட்டுகிறோம்."

அவருடைய போன் எண், பில் படம் எதையும் பொதுவில் போடவே கூடாது. கோபத்தில் ஒருமுறை பில்லைப் போட்டேன். நெடுநாள் வாடிக்கையாளர் குடும்பமே வருவதை நிறுத்திவிட்டது, இன்றும் உறுத்துகிறது. பதிலைப் பிறகு திருத்தலாம்தான். ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். சரி, மச்சானை ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லலாமா? வேண்டாம், அது கூகுள் விதிக்கே புறம்பு.