புது கார் டெஸ்ட் டிரைவ்: திரையை விட்டுட்டு ரோட்டைப் பாருங்க

கோயம்புத்தூர்ல எந்த ஷோரூமுக்குப் போனாலும் இதே கதைதாங்க. டிரைவர் சீட்ல உட்கார்ந்ததும் சேல்ஸ் தம்பி சன்ரூஃபைத் திறப்பாரு, உள்ள எரியற லைட்டோட கலரை மாத்துவாரு, காரோட பேசிக் காட்டுவாரு. வண்டி எப்படி இழுக்கும், எப்படி நிக்கும்னு ஒரு வார்த்தை வராது. நாமதான் கேக்கணும்.

சொந்தக்காரங்க யாரு கார் எடுத்தாலும் ஓட்டிப் பாக்க என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. புது டெக்னாலஜி மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது. கண்ணை ரோட்டுல இருந்து எடுக்க வைக்காம, தானா வேலை செய்யறது எல்லாம் எனக்குப் பிடிக்கும்: இஎஸ்சி (வண்டி வழுக்கினா தானா நேராக்கறது), டயர் பிரஷர் மானிட்டர், ஏர்பேக். "என்னைப் பாரு, என்னைத் தொடு"ன்னு கூப்பிடறது எல்லாம் தண்டச் செலவு. கீழ சொல்றது மொத்தமும் இந்தக் கணக்குலதான்.

சாவி வாங்கறதுக்கு முன்னாடி டயர் பிரஷர் பாருங்க. டிரைவர் கதவைத் திறந்தா, தூண் பக்கத்துல எவ்வளவு அடிக்கணும்னு ஸ்டிக்கர் இருக்கும். ஃபேக்டரியில இருந்து வர்ற வண்டிக்குக் காத்து அதிகமா அடிச்சு அனுப்புவாங்க. ஷோரூம்ல அதைக் குறைக்க மறந்துட்டா ஒவ்வொரு குழியும் இடுப்புல விழும். சஸ்பென்ஷன் மோசம்னு முடிவு பண்ணிட்டு வந்துருவீங்க. அது காத்தோட தப்பு.

அடுத்தது ஏசி. வண்டி நிக்கும்போது அழகாத்தான் இருக்கும். ஓடும்போது, ஒரு ஸ்பீடு பிரேக்கர் தாண்டற நேரத்துல ஃபேனை ரெண்டு பாயின்ட் குறைச்சுப் பாருங்க. குமிழா இருந்தா கை தானா போகும். தொடுதிரையா இருந்தா விரல் ஆடும், பக்கத்துல இருக்கற வேற எதையாவது தொடும், நாலு விநாடி கண்ணு கீழ போயிரும். 60 கிமீ வேகத்துல நாலு விநாடின்னா கிட்டத்தட்ட 67 மீட்டர். ஐரோப்பாவுல காரை மோதிப் பாத்துப் பாதுகாப்புக்கு மார்க் போடற யூரோ என்கேப், 2026ல இருந்து இன்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்டு லைட்டு மாதிரி அடிப்படை விஷயத்துக்கு நிஜ பட்டனோ லிவரோ இல்லாத காருக்கு மார்க்கைக் குறைக்கறாங்க. நம்ம ஊர்ல பளபளன்னு கறுப்புப் பேனல் ஒட்டி அதைப் 'பிரீமியம்'னு விக்கறாங்க. ஒரு வாரத்துல அது மேல கைரேகையும் தூசும்தான் மிஞ்சும்.

இனி இன்ஜின், கியர்பாக்ஸ். இங்கதான் நேரம் எடுத்துக்கணும். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல்னா பேப்பர்ல பவர் கொட்டும். ஆனா டர்போ (இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி ஊட்டறது) முழிக்கிறதுக்கு முன்னாடி, குறைஞ்ச வேகத்துல வண்டி என்ன பண்ணுதுங்கறதுதான் சிட்டிக்கு முக்கியம். ஸ்பீடு பிரேக்கர்ல 15 கிமீக்கு இறக்கி, செகண்ட் கியர்லயே மிதிங்க. திணறிட்டு அப்புறம் திடீர்னு பாஞ்சா, அவினாசி ரோடு டிராஃபிக்ல தினமும் அதே தலைவலிதான்.

ஆட்டோமேட்டிக்னா அது எந்த வகைன்னு கேளுங்க, நாலும் ஒண்ணு இல்ல. ஏஎம்டின்னா மேனுவல் கியரையே மெஷின் மாத்தி விடற வகை. விலை கம்மி, மைலேஜும் நல்லாக் கொடுக்கும், ஆனா கியர் மாறும்போது தலை முன்னாடி ஆடும். குன்னூர் மலை ரோட்டுல கல்லார் தாண்டி பர்லியார் பக்கம் ஏறும்போது அந்தத் தயக்கம் எரிச்சலைக் கிளப்பும். சிவிடி (கியர் படியே இல்லாத வகை) வழுக்கிட்டுப் போகும், ஆனா ஏத்தத்துல அழுத்தினா சத்தம்தான் முதல்ல ஏறும், வேகம் பின்னாடி வரும். டிசிடியில ரெண்டு கிளட்ச் இருக்கும்; அதுல எண்ணெயில முங்காத 'ட்ரை கிளட்ச்' வகை ஹைவேயில ராஜா. ஏத்தத்துல ஊர்ந்து போற டிராஃபிக்ல கிளட்ச் சூடாகும். வயசான அப்பா அம்மாவை வச்சு ஓட்டறவங்களுக்கு என் ஓட்டு, எண்ணெய் வழியா சக்தியைக் கடத்தற பழைய டார்க் கன்வெர்ட்டர் வகைக்குத்தான். எதுவா இருந்தாலும் ஏதாவது மேம்பாலத்து ஏத்தத்துல நிறுத்தி, பிரேக்ல இருந்து காலை எடுங்க. ஏத்தத்துல தானா பிரேக்கைப் பிடிச்சு வைக்கற ஹில் ஹோல்டு ஓரிரு விநாடிதான் பிடிக்கும். அதுக்கப்புறம் வண்டி பின்னாடி நழுவுதா, ஊர்ந்து முன்னாடி போகுதான்னு தெரிஞ்சுக்கணும்.

டீசல் பிடிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை. 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை விதி) டீசல்ல டிபிஎஃப்னு புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர் இருக்கு. அதுல சேர்ற கரியை எரிக்க வண்டி அப்பப்போ ஒரே வேகத்துல கொஞ்ச தூரம் ஓடணும். வீடு, ஸ்கூல், ஆபீஸ் எல்லாம் நாலு கிலோமீட்டருக்குள்ளன்னா டீசல் வேண்டாங்க.

அடாஸ் (கேமரா, ரேடார் வச்சு ஓட்டறவருக்கு உதவறது) இருக்கற வண்டின்னா சிட்டியோட நிறுத்தாம ஹைவேக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. வேகத்தைத் தானா கூட்டிக் குறைக்கற அடாப்டிவ் குரூஸ், முன்னாடி வண்டிக்கு ஒழுங்கா இடைவெளி விடும். அந்த இடைவெளியில நம்மாளு ஒருத்தர் பைக்கை நுழைப்பாரு. நம்ம வண்டி பிரேக் போடும். பின்னாடி வர்ற பஸ்காரருக்கு அது எதுக்குன்னே தெரியாது. வண்டியைக் கோட்டுக்குள்ளயே வைக்கப் பாக்கற லேன் அசிஸ்ட் இன்னொரு வேடிக்கை. இடது லேன்ல லாரி நிக்குதேன்னு இன்டிகேட்டர் போடாம வலது பக்கம் ஒதுங்கினா ஸ்டீயரிங் திரும்பி லாரிப் பக்கமே இழுக்கப் பாக்கும். அதை அணைக்க எத்தனை தட்டு தட்டணும், அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது மறுபடி முளைக்குதான்னு ரெண்டையும் பாருங்க. ஆட்டோ பிரேக்கைச் சோதிக்கறேன்னு சுவரைப் பாத்து ஓட்டிராதீங்க. அது கடைசி நேரத்துல கை கொடுக்க வச்சது. இருக்கட்டும், நல்லதுதான்.

முடிஞ்சா பொழுது சாஞ்சதும் இன்னொரு தடவை கேளுங்க. ஹெட்லைட்டு ரோட்டோட ஓரத்தைக் காட்டுதா, திரையோட வெளிச்சம் கண்ணாடியில அடிக்குதா, இதெல்லாம் பகல்ல தெரியாது. நம்ம வெயிலுக்குச் சன்ரூஃபைவிட காத்து வர்ற சீட்டு எவ்வளவோ மேல். குறுகலான சந்துல வீடு இருந்தா 360 டிகிரி கேமராவுக்கும் காசு கொடுக்கலாம்.

காரை மோதிப் பாத்து நட்சத்திரம் கொடுக்கற நம்ம ஊர் பாரத் என்கேப் 2023 அக்டோபர்ல இருந்து நடைமுறையில இருக்கு. நட்சத்திரம் எத்தனைன்னு மட்டும் கேக்காம, நீங்க வாங்கற வேரியன்ட்டுக்கும் அது பொருந்துதான்னு கேளுங்க.

புக்கிங் பணம் கட்டறதுக்கு முன்னாடி விலை நாலு கேட்டு எழுதி வாங்குங்க: அந்தப் பெரிய திரை உடைஞ்சா எவ்வளவு, முன் கண்ணாடி மாத்தினா அதுல இருக்கற அடாஸ் கேமராவைச் சரிபண்ண எவ்வளவு, ஒரு எல்இடி ஹெட்லைட்டு எவ்வளவு, காரைப் போன்ல இருந்து பாக்கற கனெக்டட் ஆப்புக்கு இலவச வருஷம் முடிஞ்சா வருஷத்துக்கு எவ்வளவு. சேல்ஸ் தம்பிக்குத் தெரியலைன்னா பின்னாடி சர்வீஸ் கவுன்ட்டருக்குப் போங்க, அங்க பார்ட்ஸ் விலை கம்ப்யூட்டர்லயே இருக்கும்.