இலங்கை மலையகத்துக்கு ஜெப நடைப் பயணம்: ஒரு சபைக்குழு தயாராவது எப்படி

ஓர் ஊரின் வழிகளில் மெதுவாக நடந்து, கண்ணில் படுகிற வீடு, பள்ளி, மருந்தகம், தோட்டம் என ஒவ்வொன்றுக்காகவும் அந்த இடத்திலேயே, பெரும்பாலும் வாய்க்குள்ளேயே ஜெபிப்பதுதான் ஜெப நடை. மேடையும் ஒலிபெருக்கியும் துண்டுப்பிரதியும் அதற்குத் தேவையில்லை. தமிழ்நாட்டுச் சபைகள் பல வெளிநாட்டு ஊழியப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் இலங்கையை நினைக்கின்றன. அதிலும் மலையகத் தேயிலைத் தோட்டங்களை நினைக்கின்றன. மொழி ஒன்று, கடல் குறுகியது, செலவும் தாங்கக்கூடியது என்பவை அதற்கான காரணங்கள். ஆனால் மொழி ஒன்றாக இருப்பதாலேயே ஊரும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிற ஆபத்து இந்தப் பயணத்தில் இருக்கிறது. அதை மனத்தில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

போகும் இடத்தின் கதையைக் குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1823 முதல் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் கட்டியெழுப்பிய நாட்டில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. 2023இல், வருகையின் 200ஆம் ஆண்டை நினைத்து மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். ஆகவே நடை என்பது அந்த மண்ணுக்கு நாம் கொண்டுபோகிற புதிய பொருள் அல்ல. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நடையின் நினைவு இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி நம் பக்கத்திலேயே உண்டு. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வாழ்கின்றன. அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கைக்குப் புறப்படுவதற்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பு குழு முழுவதும் அங்கே இரண்டு நாள் தங்கி, உள்ளூர்ச் சபையாரோடு நடந்து, முதியவர்கள் சொல்வதைக் கேட்டு வர வேண்டும். திரும்பி வந்தவர்களை நாம் எப்படி வரவேற்றோம், 'சிலோன்காரர்' என்று எப்படி ஒதுக்கினோம் என்பதைக் கேட்ட பிறகு, மலையகத்தில் நாம் ஏறெடுக்கும் ஜெபத்தின் முதல் பகுதி மன்னிப்புக் கேட்பதாக மாறிவிடும். அந்தப் பயிற்சிக்கு வர மனமில்லாதவரைக் குழுவில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அழைப்பு முதலில்

அழைப்பு இல்லாமல் போகக்கூடாது. நாம் தேதி குறித்து, பயணச்சீட்டு எடுத்த பிறகு அங்குள்ள போதகருக்குத் தகவல் சொல்வது அழைப்பு அல்ல. குறைந்தது ஓர் ஆண்டுக்கு முன்பே கடிதம் எழுதி, எங்கள் வருகை உங்களுக்கு உதவியாக இருக்குமா, எந்த மாதத்தில், எத்தனை பேர், எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று கேட்க வேண்டும். 'இந்த ஆண்டு வேண்டாம்' என்ற பதிலையும் மனதார ஏற்க வேண்டும். விருந்தோம்பலில் ஊறிய மக்கள் நேரடியாக மறுக்கத் தயங்குவார்கள் என்பதால், கேள்வியையே மறுப்பதற்கு எளிதான விதத்தில் எழுதுவது நம் கடமை. முடிந்தால் இருவர் முன்கூட்டி ஒரு முறை போய்ப் பார்த்து வருவது மிகவும் நல்லது.

கொடுப்பவர்கள் நாம், வாங்குபவர்கள் அவர்கள் என்ற எண்ணத்தையும் வரலாறு திருத்துகிறது. 1902இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற, பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தமிழ்நாட்டில் ஊழியம் நடத்துவதைக் கண்டு வெட்கமும் ஊக்கமும் அடைந்தார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. அதே அசரியா 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்று வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் நாமாக இருக்கும்போது, அந்த வேண்டுகோள் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது.

விசாவும் சட்டமும்

இதில் சிறு பொய்யும் கூடாது. இலங்கையின் சுற்றுலா விசா மதப்போதனை செய்வதற்கான அனுமதி அல்ல. 2012 ஜனவரியில், சுற்றுலா விசாவில் வந்து மதப்போதனை செய்ததாக இந்தியர் உள்ளிட்ட 161 வெளிநாட்டவர் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவிடப்பட்டார்கள். அவர்கள் வேறு சமயத்தவர் என்றாலும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே உங்கள் நிகழ்ச்சி நிரலை அப்படியே எழுதி, அழைக்கும் சபையின் தலைமை வழியாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எந்த வகை விசா பொருந்தும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். பிரசங்கம், நற்செய்திக் கூட்டம், பயிற்சி வகுப்பு ஆகியவை நிரலில் இருந்தால் அதற்குரிய அனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவற்றை நீக்கிவிட்டு, உள்ளூர்ப் போதகரே பேச, நாம் ஆராதனையில் பின்வரிசையில் அமர்வோம். 'கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்' என்று குழுவில் எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நாம் விமானமேறிவிடுவோம், காவல் நிலையத்தில் பதில் சொல்ல அங்குள்ள போதகர்தான் நிற்பார்.

மருத்துவ முகாம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: இந்திய மருத்துவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெறாமல் அங்கே நோயாளிகளைப் பார்க்க முடியாது, மருந்துகளைப் பெட்டி பெட்டியாக எடுத்துச் செல்லவும் முடியாது. தோட்டங்கள் பெரும்பாலும் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பதால், தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயன்களுக்குள் போவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தையும் போதகர் முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தினத்தில் தேவாலயங்களில் நடந்த குண்டுவெடிப்புகளின் காயம் இன்னும் ஆறவில்லை. அறியாத ஒரு குழு தோள்பைகளோடு ஆராதனைக்குள் திடீரென நுழைந்தால் மக்கள் பதறுவார்கள் என்பதால், பெயர்ப்பட்டியலை முன்பே அனுப்பி, பைகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

குழுவும் பணமும்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். மூவர் மூவராக நடக்க வேண்டும் என்பதால் ஒன்பது அல்லது பன்னிரண்டு என்பது வசதியான எண்ணிக்கை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசப் பெண்களே வேண்டும் என்பதால் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும். பாடகர், பேச்சாளர் என்று தேடுவதைவிட, பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களைத் தேடுங்கள்.

செலவை ஒவ்வொருவரும் சொந்தப் பணத்திலிருந்தோ, இதற்கென்றே வெளிப்படையாகச் சேர்த்த காணிக்கையிலிருந்தோ ஏற்பதே தெளிவான வழி. பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழிப்பதில் வருமான வரிச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் உண்டு; தணிக்கையாளரிடம் கேட்காமல் சபைக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம். நம் தங்கும் செலவு, உணவு, வாகனம் எதுவும் அழைத்த சபையின் தலையில் விழக்கூடாது. அதைத் தாங்களே ஏற்பதாக அவர்கள் வற்புறுத்தினாலும், எவ்வளவு ஆகும் என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

காலமும் வழியும்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மழை குறைவு. மே முதல் தென்மேற்குப் பருவமழை. அப்போது மண்சரிவும் அட்டைக்கடியும் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல் நடுவில் புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வீடு திரும்பும் நேரம் அவர்களுடைய குடும்ப நேரம். அதில் நாம் குறுக்கே நிற்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளிச் சட்டையும் பிடிப்புள்ள காலணியும் இல்லாமல் திருநெல்வேலி வெயிலிலிருந்து அப்படியே போனால் இரண்டாம் நாளே பாதிப்பேர் படுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம்; சரிவில் அதுவே அதிகம்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்திலும், அங்கிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஹட்டன் அல்லது நானுஓயாவுக்கும் போகலாம். மழையில் மலைநாட்டுப் பாதை மூடப்படுவதுண்டு என்பதால் சாலை வழியையும் கையில் வைத்திருங்கள். ஆம்புலன்ஸுக்கு 1990, காவல்துறைக்கு 119, பேரிடர் உதவிக்கு 117 ஆகிய எண்களை ஒவ்வொருவரும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

நடக்கும் நாட்கள்

தோட்டத்தின் கடிகாரத்தைப் பின்பற்றுங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுத்ததும் பெண்கள் மலைக்குப் போய்விடுவார்கள். பகலில் லயன்களில் முதியவர்களும் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் சிறு குழந்தைகளுமே இருப்பார்கள். வேலை நேரத்தில் கொழுந்து பறிப்பவரை நிறுத்திப் பேசினால் அவருடைய நாட்கூலி குறையும். ஆகவே விடியலில் சாலையோரமாக நடந்து ஜெபிப்பதும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு அழைக்கப்பட்ட வீடுகளுக்குப் போவதுமே பொருத்தம்.

ஒவ்வொரு மூவரோடும் உள்ளூர்ச் சபையைச் சேர்ந்த ஒருவர் நடக்க வேண்டும்; வழியை மட்டுமல்ல, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். கண்களைத் திறந்துகொண்டு, சாதாரணமாகப் பேசும் தோரணையில், தாழ்ந்த குரலில் ஜெபியுங்கள். எரேமியா 29:7 சொல்வதுபோல அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்: ஒழுகும் கூரைக்காக, பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் பிள்ளைகளுக்காக, சொந்த நிலத்துக்காக ஏங்கும் குடும்பங்களுக்காக. மாரியம்மன் கோவிலின் முன்போ, பௌத்த விகாரையின் முன்போ நின்று கையை உயர்த்தி ஜெபிப்பது, சுவர்களில் எண்ணெய் தடவுவது போன்ற செயல்களை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அவை பிறர் மனத்தைப் புண்படுத்துகின்றன. அங்கே அன்றாடம் அயலாரோடு வாழ வேண்டிய விசுவாசிகளுக்குப் பகையைச் சேர்க்கின்றன. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதும் அந்நாட்டில் பெரும் அவமதிப்பு.

வீட்டுக்குள் அழைத்தால் செருப்பை வாசலில் விட்டு, கொடுக்கிற இடத்தில் அமர்ந்து, கொடுக்கிற தேத்தண்ணீரைக் குடியுங்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இரண்டிரண்டு பேராக அனுப்பியவர்களுக்குச் சொன்னதும் இதுவே. ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஜெபியுங்கள். தலையில் கை வைப்பதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில், ஒரு லயன் அறையில் பேத்தியோடு தனியாக இருந்த பாட்டியிடம், 'பிள்ளையின் படிப்புக்கு ஏதாவது செய்கிறோம், அம்மா' என்று மனம் இளகிச் சொல்லிவிட்டு வந்தேன். ஊர் திரும்பிய பிறகு சபையில் அதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை; நானும் வேலைகளில் மூழ்கிவிட்டேன். மறு ஆண்டு சென்றபோது அந்தப் பாட்டி கோபப்படவில்லை. 'அறிவித்தல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம் தம்பி' என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் எழுத்தில் ஒரு விதி இருக்கிறது: யாரும் யாருக்கும் தனியாகப் பணமோ பொருளோ வாக்குறுதியோ கொடுப்பதில்லை. உதவி தேவை என்று தோன்றினால் மாலையில் போதகரிடம் சொல்வோம். எதைச் செய்யலாம் என்பதை அவரும் அவருடைய சபைக்குழுவும் தீர்மானிப்பார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய விதிகள் இன்னும் கடுமையாக இருக்கட்டும். பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுக்கக் கூடாது. முகநூலில் போடவே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. இனிப்பு கொடுத்துக் கூட்டம் சேர்க்கக் கூடாது. உதவி கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அது இடமளிக்கும், பிள்ளையின் மரியாதைக்கும் அது ஏற்றதல்ல.

ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம் எல்லோரும் கூடி, கண்டதையும் கேட்டதையும் பகிர்ந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆட்களின் பெயர்களையும், அவர்கள் நம்பிச் சொன்ன வீட்டுத் துயரங்களையும் அதில் எழுத வேண்டாம். ஒரு நாளை முழுமையாக ஓய்வுக்கு விடுங்கள்.

திரும்பிய பின்

வந்த முதல் ஞாயிறே சாட்சி சொல்லச் சொன்னால், இரண்டு வாரம் பொறுக்கும்படி கேளுங்கள். அந்த இடைவெளியில் சொல்லப்போவதை எழுதி, மலையகப் போதகருக்கு அனுப்பி, 'உங்கள் மக்கள் இதைக் கேட்டால் வருந்துவார்களா?' என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். 'இருளில் கிடக்கும் மக்கள்' என்பது போன்ற சொற்கள், நமக்கு முன்பே அங்கே தலைமுறைகளாக ஆண்டவரைத் தொழுதுவரும் சபைகளை இல்லாதவையாக்கிவிடும். கணக்கை ஒரு மாதத்துக்குள் சபையில் வாசித்து, அதன் படியை அவர்களுக்கும் அனுப்புங்கள். அதோடு நன்றிக் கடிதம் ஒன்றும் எழுதி, எங்கள் வருகையில் உங்களுக்குப் பாரமாக இருந்தவை எவை என்றும், அடுத்த முறை நீங்கள் ஒரு குழுவாக எங்கள் ஊருக்கு வந்து எங்கள் தெருக்களில் நடந்து ஜெபிக்க இயலுமா என்றும் கேளுங்கள். அவர்கள் வருவதற்கான செலவுக்கென்று, நம் அடுத்த பயணத்துக்குச் சேர்ப்பதற்கு முன்பாகவே, காணிக்கை எடுக்கத் தொடங்கிவிடலாம்.