சீசன் இல்லாத மாதங்களில் நீலகிரிக்குச் செல்வது எப்படி

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குச் செல்கிறவர்கள் விடுமுறையின் பெரும்பகுதியைப் பர்லியாறுக்கும் குன்னூருக்கும் இடையே முன்னால் நிற்கும் வண்டியைப் பார்த்தபடியே கழித்துவிடுகிறார்கள். பள்ளிகள் திறந்த பிறகு அதே மலையில் கூட்டம் வடிந்து, அறை வாடகையும் கணிசமாக இறங்கிவிடுகிறது. ஆனால் மீதமுள்ள மாதங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரியாக எண்ணிப் புறப்படுவது தவறு. எந்த மாதத்தில் மலையின் எந்தப் பக்கம் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அறை தேட வேண்டும்.

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுவதால் கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி வட்டாரங்களில் மழை கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அந்த மாதங்களில் கிழக்கே உள்ள கோத்தகிரியிலும் குன்னூரிலும் பெரும்பாலும் சாரலும் மேகமுமாகப் பொழுது போய்விடும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவு அபாயம் கூடுகிறது. 2009 நவம்பரில் நேர்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மலைவாசிகள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் செல்பவர்கள் கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்குவது நல்லது. நவம்பரில் பயணத்தையே தள்ளிப்போடலாம். மழையே வேண்டாம் என்பவர்களுக்குப் பொங்கல் விடுமுறைக் கூட்டம் கீழே இறங்கியபின் வரும் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் பொருந்தும். செப்டம்பரை இரண்டாம் சீசன் என்பார்கள். அப்போது வாடகை மறுபடி ஏறும்.

வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது என்பதால், புறப்படும் முன் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இந்த வேலை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாவட்டத்தில் தடை உள்ளதால், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள்.

சீசனில் எட்டாக்கனியாக இருக்கும் மலை ரயில் டிக்கெட் இந்த மாதங்களில் சற்று எளிதாகக் கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையுள்ள 46 கிலோமீட்டர் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைப் பற்சக்கரம் கவ்வ, பின்னாலிருந்து என்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். மண் சரிந்தால் முதலில் நிறுத்தப்படுவது இந்தப் பகுதிதான் என்பதால், மழை நாட்களில் ரயிலை மட்டுமே நம்பிப் போகாதீர்கள். குன்னூர் வரை பேருந்தில் ஏறி, அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் பிடிப்பது பாதுகாப்பான ஏற்பாடு.

அறை பார்க்கும்போது வாடகையைப் பற்றிப் பேசும் முன் கம்பளியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு ஆகஸ்டில் வாடகை மலிவு என்று மகிழ்ந்து ஒரு விடுதியில் தங்கினேன். சுவரோரம் பூசணம் பூத்திருந்தது, போர்வை ஈரத்துணி போலக் கனத்தது, இரவெல்லாம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்தே விடிந்தது. வெயில் விழும் கிழக்குப் பார்த்த அறையா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். குளிருக்காகக் கரிக் கணப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் விழித்துக்கொள்ள அது இடம் கொடுப்பதுமில்லை.

வண்டி ஓட்டுவோர் இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வர வேண்டும்; பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும் என்பதால் லோ பீமில் மெதுவாக நகருங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் கற்பூர மரங்களுக்கு (யூகலிப்டஸ்) கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். தொட்டபெட்டா போன்ற காட்சிமுனைகளைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். பிற்பகலில் மேகம் ஏறிவிட்டால் வெள்ளைத்திரை மட்டுமே மிஞ்சும். ஊட்டியின் மொறுமொறுப்பான தின்பண்டமான வர்க்கியைக் கடையிலேயே சூடான டீயோடு தின்றுவிடுவது நல்லது, ஏனென்றால் மழைக்காற்றில் அரைநாளில் நமத்துவிடும்.

ஜனவரியில் செல்பவர்கள் உறைபனியைக் காண ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தாவுக்குக் காலை ஆறரை மணிக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். புல்நுனிகளில் உப்புத் தூவியதுபோல வெள்ளை படிந்திருக்கும். நிறுத்தி வைத்த கார்களின் கூரையை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். வெயில் ஏறிய சிறிது நேரத்தில் எல்லாம் ஈரமாகிவிடும். ஆகவே முதல் நாள் இரவே காலுறை, கையுறை, குரங்குக்குல்லா மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு, டீக்காக எங்கும் நிற்காமல் நேராகப் போய்விடுங்கள். டீயைத் திரும்பும்போது குடிக்கலாம்.