இணைய வானொலியில் முதல் நேரலை: புது ஆர்ஜேக்களுக்கு

இணைய வானொலியில் நிகழ்ச்சி நடத்த ஸ்டூடியோ தேவையில்லை. கணினி, யுஎஸ்பி மைக், வயர் வைத்த ஹெட்போன், அடிக்கடி அறுந்துபோகாத இணையம் போதும். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். உங்கள் குரலே உங்களுக்குப் பிந்திக் கேட்டு நாக்கு குழறும்.

1. மென்பொருள்

மிக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள் (பெயரில் எக்ஸ் மூன்று முறை வரும்). பாட்டு, மைக், ஒலிபரப்பு மூன்றும் அதிலேயே அடங்கும். நீங்கள் பேசும்போது பாட்டின் சத்தத்தைத் தானாகவே தணிக்கும் வசதியும் உண்டு.

2. சர்வர் இணைப்பு

நிலையத்தாரிடம் சர்வர் முகவரி, போர்ட் எண் (ஐஸ்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருள் ஓடும் சர்வர் என்றால் பெரும்பாலும் 8000), மவுண்ட் பாயிண்ட் (சர்வரில் உங்கள் ஒலி போய்ச் சேரும் இடத்தின் பெயர்), பாஸ்வேர்ட் நான்கையும் வாங்கி, மிக்ஸின் ஒலிபரப்பு அமைப்பில் நிரப்புங்கள். பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 128 கேபிபிஎஸ் வையுங்கள். மணிக்குச் சுமார் 58 எம்பிதான் செலவாகும். எத்தனை பேர் கேட்டாலும் உங்கள் வீட்டிலிருந்து போவது ஒரே ஒரு ஒலி ஓடை (ஸ்ட்ரீம்); அதைப் பிரித்துக் கொடுப்பது சர்வரின் வேலை.

3. முந்தைய ஆர்ஜேயிடமிருந்து ஒலிபரப்பை வாங்குதல்

ஒரு மவுண்ட் பாயிண்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். உங்களுக்கு முன் நிகழ்ச்சி நடத்துபவர் இணைப்பைத் துண்டிக்கும்வரை ஐஸ்காஸ்ட் உங்களை உள்ளே விடாது. அதனால் அவருடைய கடைசிப் பாட்டு எது என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளுங்கள். இடைவெளியில் தானாகப் பாட்டு ஓடும் ஏற்பாடு சர்வரில் இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள்.

4. தாமதத்தோடு பழகுதல்

புது ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் பேசுவது நேயர் காதுக்குப் போக பல விநாடிகள் ஆகும். சிலருக்கு அரை நிமிடம்கூட ஆகலாம். "இந்தப் பாட்டுக்கு இசை யார்?" என்று கேட்டுவிட்டு, நேயர்கள் எழுதும் சாட் பெட்டியைப் பார்த்தால் ஈ ஆடாது. "யாருமே இல்லையா?" என்று புலம்ப வேண்டாம், கேள்வியே அவர்களுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. கேள்வியைக் கேட்டதும் ஒரு பாட்டைப் போடுங்கள். அது முடிந்தபின் பதில்களை வாசியுங்கள்.

"முதலில் சொன்னவருக்குப் பரிசு" என்ற வழக்கமும் இங்கே செல்லாது. தாமதம் ஆளுக்கு ஆள் வேறுபடும், சிங்கப்பூர்க்காரர் காதில் கேள்வி விழும் முன்பே டொராண்டோக்காரர் பதில் அனுப்பியிருப்பார். சரியாகச் சொன்னவர்களுக்குள் குலுக்கல் போடுவதே நியாயம்.

தொலைபேசியில் வருபவரிடம் வானொலியை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் நேரலையைக் கேட்டுக்கொண்டே பேசாதீர்கள். ஒலி சரியாகப் போகிறதா என்று பாட்டு ஓடும்போது கைபேசியில் சோதித்தால் போதும்.

5. பேச்சு

சென்னையில் மாலை ஐந்தரை என்றால், கோடையில் டொராண்டோவில் காலை எட்டு. ஆகவே "காலை வணக்கம்", "மாலை வணக்கம்" இரண்டையும் விட்டுவிட்டு வெறும் வணக்கம் சொல்லுங்கள்.

படம், இசை, பாடியவர்கள், பாடலாசிரியர் எல்லாவற்றையும் பாட்டுக்கு முன்போ பின்போ சொல்லுங்கள். இளையராஜா பாட்டின் முன்னிசை மேல் ஏறிப் பேசினால் நேயர் மன்னிக்க மாட்டார். நானும்தான். பேச்சுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால், இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது பேசிய பழைய பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். உச்சரிப்பில் அந்தத் தெளிவை அடைய நாளாகும், பரவாயில்லை.

6. உரிமம்

திரைப்பாடல்களை ஒலிபரப்ப உரிமம் வேண்டும். இந்தியாவில் ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகள் இதைக் கவனிக்கின்றன. நிலையத்தில் சேருமுன் இதை வாய்விட்டுக் கேளுங்கள். மழுப்பினால் வேறு நிலையம் பாருங்கள்.

7. விடைபெறுதல்

நன்றி சொன்னதும் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். முதலில் கடைசிப் பாட்டைப் போட்டு மைக்கை அணையுங்கள். அடுத்தவர் தயார் என்று செய்தி வந்து, பாட்டும் முடிந்தபின் துண்டியுங்கள். அதுவரை வீட்டில் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம், மைக் அணைந்ததா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.